விருப்பத்துடன் விற்றவர்கள்

ஒரு வீட்டின் விலை அந்த வீட்டுக்குள் இல்லை, அக்கம்பக்கத்து வீடுகளில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது. அதுவரைக்கும் நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: கல் இவ்வளவு, மரம் இவ்வளவு, ஓடு இவ்வளவு, கூட்டினால் வீடு. மாத்தளை டவுனில் ஒரு விலைமதிப்பாளரின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கணக்கு எவ்வளவு பிள்ளைத்தனமானது என்று தெரிந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளைகள்.

சேர் என்று நான் சொல்லப்போவது அந்த விலைமதிப்பாளரை. சிங்களவர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஆபீஸ் போட்டிருந்தார். பேங்கில் கடன் கேட்கிறவர்கள், கோர்ட்டுக்குப் போனவர்கள், சொத்துப் பிரிக்கிற குடும்பங்கள், எல்லோரும் அந்த மரப்படியில்தான் ஏறி வர வேண்டும். ஆபீசில் அவரும் நானும் மட்டும். அவர் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார், நான் டைப் அடிப்பேன். ரிப்போர்ட் இங்கிலீஷில் போகும். எனக்கு இங்கிலீஷ் வந்தது தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்த அப்பாவின் தயவால். சேர் என்னோடு பேசுவது சிங்களத்தில். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், யாருக்கும் சிரமம் வேண்டாம்.

வெளியில் இருந்து பார்த்தால் லேசான வேலை. டேப் பிடித்து அளக்கிறது, சுவரைத் தட்டிப் பார்க்கிறது, கூரையை அண்ணாந்து பார்க்கிறது. லொறி வீட்டு வாசல் வரைக்கும் வருமா, கிணறு எந்த மாதம் வற்றும், பலா மரம் எத்தனை, மிளகுக்கொடி எத்தனை என்று எழுதிக்கொள்கிறது. சில நாள் நானும் கூடப் போவேன், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு. அங்கே போய்ப் பார்த்தால்தான் மனுஷருடைய சாமர்த்தியம் தெரியும். நகரசபை வரிக்கு ஆள் வந்தால் மின்விசிறியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள். கடனுக்கு ஆள் வந்தால் பக்கத்து வீட்டு அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். கலேவெலையில் ஒரு மனுஷர் பிரிட்ஜே கொண்டுவந்து நடுவீட்டில் நிறுத்தியிருந்தார். வீட்டில் கரண்ட் இல்லை. சேர் பிரிட்ஜைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டேப்பை விரித்தார். லக்கலப் பக்கம் ஒருவர், இந்தக் காணிக்குள் யானை கால் வைத்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லையைக் காட்டினார். காட்டிய எல்லைக் கல்லுக்குப் பக்கத்திலேயே யானை போட்டுவிட்டுப் போயிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கு இருப்பதாக அப்போது நினைத்திருந்தேன்.

பெறுமதி பார்க்க மூன்று வழி உண்டு. வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று பார்த்து, அதை இத்தனை வருடத்துக்கு என்று பெருக்குவது ஒன்று. இதே வீட்டை இன்றைக்குக் கட்டினால் என்ன செலவாகும் என்று பார்த்து, வயசுக்கும் ஓட்டை உடைசலுக்கும் கழிப்பது இன்னொன்று. இரண்டையும் சேர் செய்வார், ஆனால் நம்ப மாட்டார். அவர் நம்பியது மூன்றாவதை. காணிப் பதிவகத்துக்குப் போய் உறுதிகளை, அதாவது கிரயப் பத்திரங்களைப் புரட்டி, அதே தெருவில் சமீபத்தில் விற்ற இரண்டு மூன்று வீடுகளை எடுப்பார். அந்த வீட்டுக்குக் கிணறு உண்டு, இதற்கு இல்லை, கொஞ்சம் குறை. அது தகரம், இது ஓடு, கொஞ்சம் கூட்டு. விற்று மூன்று வருடம் ஆகிவிட்டது, அதற்கும் கொஞ்சம் கூட்டு. இப்படிக் கூட்டிக் குறைத்துத்தான் நம்முடைய வீட்டின் விலை வரும். நாம் நம் வீட்டை எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறோம் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இங்கேதான் நம்முடைய ஆட்களின் கெட்டிக்காரத்தனம் குறுக்கே வரும். வீடு வாங்கினால் உறுதியில் உண்மை விலையை யாரும் எழுத மாட்டார்கள். முத்திரைக் கட்டணம் விலையைப் பார்த்துத்தான் வருகிறது, அதனால் பாதியை எழுதுவார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று இதில் வித்தியாசம் கிடையாது. நாட்டில் எல்லோரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று சொல்லலாம். உறுதி எழுதுகிற நொத்தாரிசே பேனையை எடுத்ததும், எவ்வளவு போடுவோம் என்றுதான் கேட்பார். ஆகவே சேர் ஒரு பெரிய கொப்பி வைத்திருந்தார். ஒரு பக்கம் உறுதியில் உள்ள விலை. எதிர்ப் பக்கம் உண்மை விலை. உண்மை விலையை விற்றவரிடமே கேட்டு எழுதுவார். அவர் எழுதியதை நான் ஒழுங்காக டைப் அடித்து வைப்பேன்.

ஒரு நாள் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களோட பழைய வீடு இதுல இருக்கு. உறுதியில இருக்கிற விலை இது. உண்மையில எவ்வளவு வாங்கினீங்க?"

"பாதிதான் எழுதினோம் சேர்," என்றேன். கையில் இருந்த தாளை மிஷினில் செருகிக்கொண்டே சொன்னேன். அவர் எதிர்ப் பக்கத்தில் இரட்டிப்பு விலையை எழுதிக்கொண்டார்.

பொய். சுத்தமான பொய். அதை நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயில் தானாக வந்தது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த சேமலாபப் பணத்தையும் என் வீட்டுக்காரரின் சீட்டுப் பணத்தையும் போட்டு, டவுனில் ஒரு சின்ன லேனில் பத்துப் பேர்ச், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக் காணியில் வீடு ஒன்று வாங்கியிருந்தோம். எங்கள் குடும்பத்தில் தோட்டத்து லயத்து வரிசை அறைகளை விட்டுச் சொந்தச் சுவருக்குள் தூங்கிய முதல் ஆட்கள் நாங்கள். தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த லேனில் இரண்டு வீடு எரிந்தது. எங்கள் வீட்டில் கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. உடைந்தபோது நாங்கள் உள்ளே இல்லை. பக்கத்து வீட்டில், ராத்தா வீட்டுப் பின்னறையில், மூன்று நாள் இருந்தோம். அவர்கள் முஸ்லிம் ஆட்கள். அவர்கள் வீடுகளில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அது மிளகு மூட்டை அடுக்கிய அறை. சின்னவனுக்குத் தும்மல் வந்துகொண்டே இருக்கும், நான் அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திப் பிடிப்பேன். ராத்தா வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவார்.

ஊரடங்கு எடுத்ததும் வீட்டுக்கு வந்தோம். கண்ணாடி போட்டோம். ஆனால் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தால் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். புரட்டாசிக்குள் விற்றுவிட்டோம். வாங்கியவர் ஹார்ட்வேர் கடைக்காரர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். பேரமே பேசவில்லை. பேச என்ன இருந்தது? அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நாங்களே பாதிக்கு இறங்கித்தான் விலை சொன்னோம். தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்றார் வீட்டுக்காரர். நொத்தாரிசு வழக்கம்போல, பாதி எழுதவா என்று கேட்டார். வாங்கியவர் சொன்னார், இதுவே பாதிதானே, அப்படியே எழுதுங்க.

திருச்சியில் வீட்டுக்காரரின் அண்ணன் இருந்தார். அவரை நம்பித்தான் விற்றோம். பாஸ்போர்ட் கையில் வந்த வாரத்தில் அவருடைய கடிதமும் வந்தது: இங்கே வந்து கஷ்டப்படாதீர்கள், எனக்கே வேலை நிச்சயமில்லை. இருந்த வீடும் போச்சு, போகிற ஊரும் போச்சு. டவுனிலேயே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரர் மிளகு, ஏலம் விற்கிற சம்பாரக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பராகப் போனார். அங்கே நாலு பேர், என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டபோது அவர் முதல் தடவையாக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார்: உறுதியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும், நாம் வாங்கியது இரட்டிப்பு. ஊர் வாயை மூட அதுதான் மூடியாக இருந்தது. நானும் அதையே சொன்னேன். ஏமாந்தவர்கள் என்று பேர் வாங்குவதைவிடத் தந்திரக்காரர்கள் என்று பேர் வாங்குவது நல்லதாகத் தெரிந்தது.

அந்தப் பொய் கொப்பியில் ஏறி இரண்டு வாரம் கழித்து ராத்தா ஆபீஸ் படியேறி வந்தார். கூடவே அவருடைய கொழுந்தன். ராத்தாவின் புருஷன் அதற்கு முந்தின வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டிருந்தார். வீடு மாமனாருடையது, இரண்டு மகன்மாருக்கும் சரிபாதி. மூத்தவர் பங்கு இப்போது ராத்தாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும். இளையவர் கலேவெலையில் வெங்காயக் கடை போட நினைத்தார், அதற்காகத் தன் பாதியைக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை, அவருக்கும் குடும்பம் இருந்தது. பத்துப் பேர்ச் வீட்டைக் குறுக்கே வெட்ட முடியாது. ஆகவே சேர் போடுகிற பெறுமதியில் பாதியை ராத்தா கொடுத்தால் வீடு ராத்தாவுக்கு. கொடுக்க முடியாவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிப்பது. கோர்ட்டுக்குப் போகாமல் இரண்டு பேரும் இதற்குச் சம்மதித்திருந்தார்கள்.

ராத்தா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"காப்பு நாலையும் வித்து, எங்கட தம்பி தாரதையும் சேத்தா ஒரு அளவு ஈக்குது புள்ள. அதுக்கு மேல போனா நான் புள்ளைகள கூட்டிக்கிட்டு நாவுலக்கு உம்மா ஊட்டுக்குத்தான் போகணும். பெரியவள் ஸ்கூல் சோதனை எழுதுற வருஷம்."

எவ்வளவு சேரும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். விலை கூடினால் நல்லது என்றுதான் எல்லோரும் அந்தப் படியேறி வருவார்கள். விலை குறைய வேண்டும் என்று வந்த முதல் ஆள் ராத்தா. கொழுந்தனுக்கோ கூட வேண்டும். ஒரே வீடு, இரண்டு பிரார்த்தனை.

சேர் போய்ப் பார்த்து அளந்து வந்தார். கொப்பியைத் திறந்து அந்த லேனில் விற்ற மூன்று வீட்டை எடுத்தார். மூன்றும் எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு விற்றவை. இரண்டு பேர் உண்மையாகவே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், அவர்களிடம் கேட்க வழியில்லை; உறுதி விலை மட்டும்தான் இருந்தது. மூன்றாவது எங்களுடையது, அடுத்த வீடு, அதே பத்துப் பேர்ச். விற்றவளிடம் நேராகக் கேட்டு எழுதிய விலை. எங்கள் விலையில் பாதி எழுதப்பட்டிருந்தால் மற்ற இரண்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று சேர் கணக்குப் போட்டார். நியாயம்தானே. மூன்றையும் இரட்டிப்பாக்கி, வருடத்துக்கும் கிணற்றுக்கும் கூட்டிக் குறைத்துக் கையால் எழுதிய தாளை என்னிடம் தந்தார். கடைசி வரியைப் பார்த்தேன். அதில் பாதியே ராத்தா சொன்ன அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. நாங்கள் உண்மையில் விற்ற விலையை வைத்து மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அப்போது அந்த அளவுக்குள் வந்தது. மயிரிழையில், ஆனால் வந்தது.

மிஷினில் தாளைச் செருகிவிட்டு நான் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மூன்று நாள் சோறு போட்டவளுடைய வீட்டை, வெட்டிப் பெருமைக்குச் சொன்ன ஒரு பொய்யால் நான் பிடுங்கிக் கொடுக்கப் போகிறேன்.

வீட்டில் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

"இப்ப போயி உண்மைய சொன்னா, கடையில நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? நாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"மூஞ்சிய அங்கேயே வச்சுக்கங்க. ராத்தாவுக்கு வீடு போகப் போகுது."

"நீ ஏன் அவரு கேட்டப்பவே யோசிக்காம சொன்ன?"

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன்."

அவர் கை கழுவிவிட்டு வந்து, போய்ச் சொல்லு என்றார்.

மறுநாள் சேரிடம் சொன்னேன். கொப்பியில் உள்ளது பொய், உறுதியில் உள்ளதுதான் உண்மை விலை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏன் அவ்வளவு கொறச்சி வித்தீங்க?"

அவருக்கு வருடம் தெரியும், லேன் தெரியும், என் பெயரும் தெரியும். விளங்கிவிட்டது. விளங்கியதும் அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது.

எங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மாறாத ஒரு வாக்கியம் உண்டு. சந்தைப் பெறுமதி என்பது, விற்க விருப்பமுள்ள ஒருவரும் வாங்க விருப்பமுள்ள ஒருவரும், அவசரமோ நிர்ப்பந்தமோ இல்லாமல் ஒப்புக்கொள்கிற தொகை. நூறு தடவைக்கு மேல் அடித்திருப்பேன், ஒரு தடவைகூட வாசித்ததில்லை. சேர் அதைத்தான் எனக்குச் சொன்னார். பயந்து விற்ற விலை விலையே இல்லை. அதை அவர் கணக்கில் எடுக்க முடியாது. எங்கள் வீடு பயந்து விற்றது என்றால் இந்தியாவுக்குப் போன மற்ற இரண்டும் அப்படித்தான். மூன்றையும் தள்ளிவிட்டால் அந்த லேனில் வேறு விற்பனை இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டும். அங்கே யாரும் பயந்து விற்கவில்லை. அங்கே விலை நான் சொன்ன பொய்யைவிடக் கூட.

அதாவது, பொய் சொன்னால் ராத்தாவின் வீடு போகும். முழு உண்மையைச் சொன்னால் இன்னும் வேகமாகப் போகும்.

"அப்ப எப்படி சேர் உறுதி விலையை எடுக்கலாம்?"

"விலை இதுதான், நாங்க விருப்பத்தோடதான் வித்தோம்னு விற்றவங்க சொல்லணும். ரெண்டு பக்கத்து ஆக்களுக்கும் முன்னால சொல்லணும். எழுத்தில போட்டுக் கையெழுத்து வைக்கணும். அந்த ரெண்டு பக்கமும் மறுக்காட்டி எடுக்கலாம்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் ஒண்டும் சொல்லித் தரல்ல. நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் எழுத முடியும்."

இரண்டு பக்கமும் வரச் சொல்லி ஒரு காலை நேரம் குறித்தார். ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவர் ஓரக் கதிரையில் உட்கார்ந்தார். கொழுந்தன் ஜன்னல் பக்கம். அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் முறை. நல்ல உயரம், உரத்த குரல், வியாபாரி. சேர் விஷயத்தைச் சொன்னார்: இவர்கள் வாங்கியது உறுதியில் உள்ள விலைதானாம், இரட்டிப்பு இல்லையாம்.

நானா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, ஒங்கட வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாரே?"

"அது சும்மா சொன்னது நானா. வெக்கத்துல சொன்னது."

சிரிப்பு நின்றது. அவர் யோசித்தார். வியாபாரிக்கு யோசிக்க அதிக நேரம் ஆகாது.

"அப்படீன்னா அது பயந்து குடுத்த விலை சேர். அத எப்படி எங்கட ஊட்டுக்குப் போட ஏலும்?"

சேர் என் பக்கம் திரும்பினார்.

"யாராவது உங்களைப் போகச் சொன்னாங்களா?"

"இல்ல சேர்."

"வாங்கினவர் வற்புறுத்தினாரா?"

"இல்ல. நாங்கதான் அவரத் தேடிப் போனோம். வெல சொன்னதும் நாங்கதான்."

அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பயத்தில வித்தீங்களா?"

"இல்ல சேர். திருச்சிக்குப் போகணும்னு எங்களுக்கு முந்தியே யோசன இருந்துச்சு. விருப்பப்பட்டுத்தான் வித்தோம்."

சேர் எழுதினார். நானா எழுந்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சிங்களத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார், குரலும் இறங்கியது.

"தங்கச்சி, அந்த மூணு நாளும் நான் எங்கட வாசல்ல கதிரை போட்டு இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா? ரெண்டு தரம் ஆக்கள் வந்தானுகள். உள்ளுக்கு ஆருமில்லன்னு நான் அல்லாட மேல சத்தியம் பண்ணினேன். பொய்ச் சத்தியம். வாழ்க்கையில அந்த ரெண்டு தரம்தான். பயமே இல்லாத ஆக்களுக்கா தங்கச்சி நான் அதப் பண்ணினேன்?"

எனக்குத் தெரியாது. உள்ளறையில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பிள்ளையின் வாயைத்தான் பொத்திக்கொண்டிருந்தேன். ராத்தா அதை நாலு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அவருக்கு மூன்று பிள்ளைகள். நானா காலில் விழ வேண்டிய இடத்தில் இவர் கடையைப் பாதியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பிச் சொல்ல முடியாது. சொன்னால் பக்கத்துத் தெரு விலை.

"பயப்படல நானா," என்றேன். "விருப்பப்பட்டுத்தான் வித்தோம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மதினி ராத்தாவைப் பார்த்தார். கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

"எழுதிக்கங்க சேர்," என்றார். "அவங்க பயப்படல்ல."

சேர் எழுதிய தாளை நானே டைப் அடித்தேன். விற்றவர்கள் விருப்பத்துடன், எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி விற்றார்கள். இரண்டு தப்பு விட்டேன், அழித்து அடித்தேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எதிர்ப் பக்கம் மறுக்கவில்லை என்று நானா எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் சேர். நானா பேனையை வாங்கி, நின்றபடியே குனிந்து, எனக்கு மறுப்பில்லை என்று தமிழில் எழுதினார். எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இனி ஆரு கேட்டாலும் இதையே சொல்லுங்க தங்கச்சி, மாத்த வேணாம். நானும் அன்டைக்கி சொன்னத இன்னும் ஆருக்கிட்டயும் மாத்தல்ல."

பேனையை மூடி என் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ராத்தாவுக்கு வீடு நின்றது. கலேவெலையில் நானா நினைத்திருந்தது இரண்டு கதவுக் கடை. ஒரு கதவுக் கடைதான் போட்டார்.